945: ஒற்றைப்படையில் முதல் மிகை எண்

கேள்வி: 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்களில் 12-ஐ விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 16 வருகிறது. இப்படிக் கூட்டுத்தொகை மூல எண்ணைத் தாண்டுபவற்றை மிகை எண்கள் என்கிறார்கள். அடுத்து வரும் 18, 20, 24 எல்லாமே இரட்டைப்படை. ஒற்றைப்படை எண்களை 500 வரை சோதித்துவிட்டேன், ஒன்றுகூட அகப்படவில்லை. அப்படி எதுவும் கிடையாதா?

பதில்: உண்டு. நீங்கள் 945 வரை போயிருந்தால் அது அகப்பட்டிருக்கும். அதற்கு முன்னால் 231 மிகை எண்கள் வந்துவிடுகின்றன, அத்தனையும் இரட்டைப்படை என்பதால், உங்களுக்கு எழுந்த ஐயம் இயல்பானதே.

945-க்குத் தன்னைத் தவிர 15 காரணிகள்: 1, 3, 5, 7, 9, 15, 21, 27, 35, 45, 63, 105, 135, 189, 315. கூட்டினால் 975, அதாவது 30 மிகை.

இவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டியது ஏன்? இரட்டைப்படை எண்ணுக்கு அதன் பாதியே ஒரு காரணி. எடுத்த எடுப்பிலேயே பெரும்பங்கு சேர்ந்துவிடுகிறது. ஒற்றைப்படை எண்ணுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய காரணி மூன்றில் ஒரு பங்குதான். பகா எண்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. எண்ணையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் அதன் இருமடங்கைத் தாண்ட வேண்டும். ஆனால் மொத்தத்தை அதிகம் உயர்த்தும் மிகச் சிறிய ஒற்றைப்படைப் பகா எண்களான 3, 5-ஐயே எடுத்தாலும், 3-ஐ எத்தனை முறை பெருக்கிச் சேர்த்தாலும் அதனால் வரும் மடங்கு ஒன்றரையை எட்டாது, 5-ஆல் வருவது ஒன்றேகாலை எட்டாது, இரண்டையும் பெருக்கினால் 15/8, அதாவது இரண்டுக்கும் கீழே. ஆகவே குறைந்தது மூன்று பகா எண்கள் வேண்டும். 3, 5, 7-ஐ எடுத்துக்கொண்டால் பெருக்கம் 105, அதன் காரணிகளின் கூட்டுத்தொகை வெறும் 87. இன்னொரு 3-ஆல் பெருக்கினால் 315; கூட்டுத்தொகை 309, ஆறே ஆறு குறைகிறது! மறுபடியும் 3-ஆல் பெருக்கும்போதுதான் 945 வந்து எல்லையைக் கடக்கிறது. (3, 5, 7, 11 ஆகியவற்றின் பெருக்கமான 1155-க்கும் கூட்டுத்தொகை 1149, அங்கும் அதே ஆறுதான் குறைகிறது என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்த்து ரசித்ததுண்டு.)

இதை 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதர் பாஷே கண்டதாகச் சொல்வது வழக்கம். ஆனால் 1037இல் மறைந்த கணிதர் அல்-பாக்தாதி அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

1, 3, 5, 7, 9 ஆகியவற்றின் பெருக்கமும் 945தான். பத்துப் பேரை ஐந்து இணைகளாகப் பிரிக்கும் வழிகள் எத்தனை என்று கேட்டால் இதே எண் விடையாக வரும்: முதலாமவருக்குத் துணை தேட 9 வழிகள், மிஞ்சியவர்களில் ஒருவருக்கு 7, பிறகு 5, 3, 1. 18ஆம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லர் கண்ட ஒரு வாய்பாட்டிலும் இது தலைகாட்டுகிறது. 1, 2, 3 என்று எல்லா இயல் எண்களின் ஆறாம் அடுக்குகளையும் தலைகீழாக்கிக் கூட்டினால், பை (π) என்ற எண்ணின் ஆறாம் அடுக்கை 945ஆல் வகுத்த மதிப்பு கிடைக்கும்.

945-ஐ எந்த ஒற்றைப்படை எண்ணால் பெருக்கினாலும் மிகை எண்ணே வரும் என்பதால் இவற்றுக்கு முடிவில்லை. ஆனால் காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சரியாகச் சமமான ஒற்றைப்படை எண் ஒன்று உண்டா என்பது இன்றுவரை தீராத கேள்வி. இருந்தால் அது 1500-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது என்ற அளவுக்கு நிறுவியிருக்கிறார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த ஒற்றைப்படை மிகை எண் 1575. அதன் காரணிகளைக் கூட்டி 1649 வருகிறதா என்று பாருங்கள்.