கன்னத்தில் அதக்கிய சோறும் கார்ட்டூனும்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. கைப்பேசியில் கார்ட்டூன் ஓடினால்தான் வாய் திறக்கிறான். ஒரு வேளைச் சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது. கடைவாய்ப் பற்கள் இரண்டில் சொத்தை விழுந்துள்ளது. திரை பார்ப்பதால் வாயில் கிருமிகள் பெருகுமா? கிருமிநாசினி நீரால் வாய் கொப்பளிக்க வைக்கலாமா?

பதில்: திரையின் ஒளி பல்லை ஒன்றும் செய்வதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த முக்கால் மணி நேரம்தான்.

மனித வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றால் தொல்லை இல்லை. சொத்தையில் பெரும்பங்கு வகிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுவதோடு அந்த அமிலத்தைத் தாங்கியும் வாழும். வாயில் அடிக்கடி அமிலம் சேர்ந்தால், அதைத் தாங்காத சாதுவான வகைகள் குறைந்து, இதன் கை ஓங்கிவிடும்.

இனிப்போ மாவுப்பண்டமோ உண்ட சில நிமிடங்களில் பல்லின் மேற்பரப்பில் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 5.5க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். அதை உமிழ்நீர் பழைய நிலைக்கு மீட்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். இப்போது, கார்ட்டூனில் கண் பதித்திருக்கும் உங்கள் மகனின் கன்னத்தைப் பாருங்கள்: சோற்று உருண்டை கடைவாய்ப் பல்லோடு ஒட்டி அதக்கப்பட்டிருக்கும், தாடை அசையாது. மெல்லாததால் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கிறது; சுரக்கும் கொஞ்சமும் சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக்கொண்டே இருக்கிறது. (சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான்.) அதற்குப் பின் அடுத்த கார்ட்டூனுக்கு ஒரு பிஸ்கட், அதற்கடுத்ததற்கு இன்னொன்று என்றால், உமிழ்நீருக்கு மீட்கும் வேளையே வாய்ப்பதில்லை.

உண்ணும் அளவைவிட உண்ணும் தடவைகளே முக்கியம் என்பதை 1940களில் ஸ்வீடனின் விப்பேஹோம் மனநலக் காப்பகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. உணவோடு சர்க்கரை உண்டவர்களைவிட, இடைவேளைகளில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கே சொத்தை பெருமளவு கூடியது. அங்கிருந்த நோயாளிகளின் பற்களைப் பலியிட்டுப் பெற்ற அறிவு அது. இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது.

ஆகவே, சாப்பாட்டு வேளையில் திரை வேண்டாம். அரை மணிக்குள் முடிக்காவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். பாட்டி கோபித்துக்கொள்வார், ஆனால் அடுத்த வேளை பசி ஊட்டிவிடும். தின்பண்டத்திற்கு மாலையில் ஒரே நேரம் ஒதுக்கி, இடையில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். சாப்பாட்டு வேளைக்கு வெளியேயும், இந்த வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்து திரை பார்க்க வேண்டாம் என்பது உலகச் சுகாதார அமைப்பு 2019இல் தந்த பரிந்துரை.

கிருமிநாசினி நீர் வேண்டாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அதை விழுங்கிவிடக்கூடும்; பல்லில் பிசுபிசுப்பாய்ப் படிந்த படலத்தை அது அகற்றவும் செய்யாது, துலக்கித்தான் எடுக்க வேண்டும். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) புளோரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, காலையிலும் இரவிலும் நீங்களே துலக்கிவிடுங்கள். நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால், இரவு துலக்கிய பின் பால் கூடக் கூடாது.

பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. இப்போதுள்ள இரண்டு சொத்தைகளையும் இந்த மாதமே அடைத்துவிடுங்கள்.