வாயால் சொன்னதைத் தாளில் ஏற்றுங்கள்

கேள்வி: வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் போடப் போகிறேன். 'ஓராண்டுக்கு முன் காலி செய்தால் மீதி மாத வாடகையும் தர வேண்டும்' என்று ஒரு ஷரத்து இருக்கிறது. உரிமையாளரைக் கேட்டால், 'அதெல்லாம் சும்மா எழுதுவது, ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும்' என்கிறார். நம்பிக் கையெழுத்துப் போடலாமா? மற்ற பக்கங்களும் பாதி புரியவில்லை.

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். நாளை வீட்டுப் பொறுப்பு அவர் மகன் கைக்குப் போனால், உங்களிடம் அப்பா என்ன சொன்னார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தாளைத்தான் பார்ப்பார்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். 'இதுவே இரு தரப்பினரின் முழு உடன்பாடு. முன்பு பேசியவை கட்டுப்படுத்தாது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? பலர் படிக்காமலே தாண்டிவிடும் வரி அது. அது இருந்தால், அவர் சொன்ன 'ஒரு மாதம்' பிறகு எடுபடுவது கடினம். அதனால், 'நீங்கள் சொன்னதையே எழுதிவிடலாமே' என்று கேளுங்கள். பழைய வாக்கியத்தை அடித்து, பக்கத்தில் 'ஒரு மாத முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்துக் காலி செய்யலாம். மீதி மாத வாடகை தர வேண்டியதில்லை' என்று எழுதி, அந்த இடத்திலேயே இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டு பிரதிகளிலும். அவர் தயங்கினால், அந்த ஷரத்து சும்மா எழுதியது இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மற்ற பக்கங்கள். ஒவ்வொரு ஷரத்திலும் யார், என்ன, எப்போதுக்குள் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன என்று பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் கேள்வி கேட்க வேண்டும். வினைச்சொல்லையும் கவனியுங்கள். முன்பணத்தை 'திருப்பித் தரலாம்' என்பதற்கும் 'காலி செய்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்' என்பதற்கும் நடுவே இருப்பது உங்கள் பணம் முழுவதும். பழுதுக்கான பிடித்தம் பற்றிய வரியில் 'வழக்கமான தேய்மானம் நீங்கலாக' என்று இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் மங்கிய பெயின்ட்டுக்குக்கூட உங்களிடம் பிடிக்கப் பார்ப்பார்கள். 'தானாகப் புதுப்பிக்கப்படும்' என்று இருந்தால், மறுப்புச் சொல்ல வேண்டிய கடைசித் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

சில ஷரத்துகள் கையெழுத்திட்ட பிறகும் சட்டப்படி செல்லாமல் போகலாம். அது இடத்துக்கு இடம் மாறும். புரியாத வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு உரிமையாளரைப் பாருங்கள்.