வில்லன் சொன்ன ராமாயணம்

கேள்வி: ஹயாவோ மியாசாகி எடுத்த 'லபுடா: வானத்துக் கோட்டை' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் படத்தை என் எட்டு வயது மகனோடு பார்த்தேன். பறக்கும் கோட்டையிலிருந்து ஏவிய ஆயுதம் கடல்மேல் அணுகுண்டு போல வெடிக்கிறது. 'ராமாயணத்தில் இதைத்தான் இந்திரனின் அம்பு என்கிறார்கள்' என்று வசனம் வருகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் முன்னோரிடம் அணு ஆயுதம் இருந்ததை ஜப்பான்காரரே ஒப்புக்கொள்கிறார். நம் பத்திரிகைகள் ஏன் இதை எழுதுவதில்லை? மகனிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: வசனம் இருப்பது உண்மை. அதைப் பேசுவது யார் என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. மகனிடமாவது சொன்னீர்களா?

பேசுவது முஸ்கா. கறுப்புக் கண்ணாடி போட்ட அரசாங்க உளவாளி, படத்தின் வில்லன். ஆயுதத்தை இயக்கிக் காட்டிவிட்டு, பழைய ஏற்பாட்டில் சோதோம், கொமோரா என்ற நகரங்களை எரித்த வானத்து நெருப்பு இதுதான் என்கிறான். ராமாயணம் அதற்கு அடுத்த வரி. வேதாகமத்தையும் ராமாயணத்தையும் ஒரே மூச்சில் அவன் இழுப்பது, உலகம் மறுபடியும் லபுடாவின் காலில் விழ வேண்டும் என்று சொல்வதற்காக. கொஞ்ச நேரத்தில், படைவீரர்கள் வானத்திலிருந்து கடலை நோக்கி உதிர்வதைப் பார்த்து, மனிதர்கள் குப்பை மாதிரி இருக்கிறார்கள் என்று சிரிப்பவனும் அவன்தான். அந்த வாயிலிருந்து வந்த சொல்லையா பிள்ளைக்குப் பெருமையாகக் கொடுத்தீர்கள்?

படம் ஜப்பானில் வெளியானது 1986 ஆகஸ்ட் 2 அன்று. நான்கே நாளில் ஹிரோஷிமாவின் 41-ஆம் ஆண்டு நினைவு நாள் வந்தது. மியாசாகி 1941-இல் பிறந்தவர். போர் விமானங்களுக்கு உதிரிபாகம் செய்த குடும்பத் தொழிற்சாலையின் சம்பாத்தியத்தில் வளர்ந்தவர். குண்டு விழுவதைக் குழந்தையாக இருந்தபோதே பார்த்த தலைமுறை அது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் கடல்மேல் அப்படி ஒரு வெளிச்சத்தை வரைகிறார் என்றால், நமக்குப் புல்லரிக்கட்டும் என்றா வரைந்திருப்பார்?

படத்தில் கடன் வாங்கியவை நிறைய உண்டு. லபுடா என்ற பறக்கும் தீவு ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் எழுதிய 'கலிவரின் பயணங்க'ளில் வருவது. கதாநாயகன் பாசுவின் சுரங்க ஊர், மியாசாகி வேல்ஸுக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்து வரைந்தது. ஸ்விஃப்ட்டின் பெயரை வைத்ததால் பறக்கும் தீவு நிஜமாக இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. இந்திரனின் அம்பும் அதே மாதிரி வாங்கிய கடன்தான்.

சரி, ராமாயணத்துக்கே வருவோம். இந்திரனின் அஸ்திரம் அதில் நிஜமாகவே வருகிறது. வால்மீகியின் யுத்த காண்டத்தில் லட்சுமணன் இந்திரஜித்தைக் கொல்வது ஐந்திர அஸ்திரத்தால்தான். நாணேற்றியபின் அவன் ஒரு சத்தியம் வைக்கிறான்: தசரதன் மகன் ராமன் தர்மாத்மா என்பதும், சொன்ன சொல் தவறாதவன் என்பதும், வீரத்தில் நிகரில்லாதவன் என்பதும் உண்மையானால், இந்த அம்பு இவனைக் கொல்லட்டும். அம்பு பாய்கிறது. எதிரே நின்று போரிட்ட ஒருவனுடைய தலை விழுகிறது. எந்த ஊரும் எரியவில்லை, எந்தக் குழந்தையும் சாகவில்லை. கம்பன் அதைப் பிறைமுக அம்பாக மாற்றினான், ஆனால் அந்தச் சத்தியத்தை அவனும் விடவில்லை. பெருமையாகச் சொல்ல இதுவல்லவா இருக்கிறது! இதை விட்டுவிட்டு, நகரங்களை எரிக்கும் ஒன்றை ராமாயணத்தின் தலையில் கட்டுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஏன் எழுதுவதில்லை என்று கேட்டீர்கள். அணு ஆயுதம் செய்ய யுரேனியம் தோண்டிய சுரங்கம் வேண்டும், அதைச் செறிவூட்டவோ புளூட்டோனியமாக மாற்றவோ ஆலை வேண்டும். வெடித்த இடத்தில் தடயம் இருக்க வேண்டும். 1945 ஜூலையில் நியூ மெக்சிகோவில் முதல் சோதனை நடந்த இடத்தில் பாலைவன மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியாகக் கிடந்தது. நம் முன்னோர் அப்படி ஒன்றை வெடித்தார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அதனால் எழுதுவதில்லை.

ஜப்பானியர் ராமாயணத்தை மனதாரக் கொண்டாடியதைப் பையனுக்குக் காட்ட வேண்டுமென்றால், யூகோ சாகோ நம் ராம் மோகனையும் சேர்த்துக்கொண்டு எடுத்த அனிமேஷன் ராமாயணம் இருக்கிறது. அதைப் போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம், லபுடாவில் உங்கள் கண்ணில் படாமல் போன ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். பாசுவும் கதாநாயகி ஷீட்டாவும் கிளைடரில் அந்தத் தீவில் வந்து விழுகிறார்கள். எதிரே ஓர் இயந்திர மனிதன் வருகிறான். அவனைப் போன்ற ஒருவன்தான் சற்று முன்பு ஒரு கோட்டையையே எரித்துத் தள்ளினான். அதனால் பிள்ளைகள் மட்டுமல்ல, நாமும் பயப்படுகிறோம். அவன் கிளைடரைப் பிடித்து மெல்லத் தூக்குகிறான். கீழே ஒரு பறவைக்கூடு, உள்ளே முட்டைகள். அவை நசுங்கிவிடக் கூடாதே என்றுதான் தூக்கியிருக்கிறான். அப்புறம் இருவரையும் ஒரு கல்லறைக்கு அழைத்துப் போகிறான். அங்கே யாரோ பூ வைத்திருக்கிறார்கள். வைத்தது அவன்தான். சுற்றிலும் அவன் கூட்டாளிகள் பாசி படிந்து அசையாமல் கிடக்கிறார்கள். ஆள் பேர் இல்லாத தீவில் அவன் ஒருவன் மட்டும், தோளில் அணில் போன்ற பிராணிகள் ஓடி விளையாட, அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறான். அந்தக் காட்சியில் வசனம் குறைவு. நான் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

கடைசியில் முஸ்கா துப்பாக்கியை நீட்டிக்கொண்டு மூன்று நிமிடம் தருகிறான். பிள்ளைகள் இருவரும் கைகோத்து, அத்தனை ஆயுதத்தையும் அழிக்கும் ஒற்றைச் சொல்லைச் சொல்கிறார்கள்: பல்ஸ். ஜப்பானில் இந்தப் படம் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் ஜனங்கள் அந்தச் சொல்லை அதே நொடியில் சேர்ந்து ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) எழுதுவார்கள். 2013 ஆகஸ்டில் ஒரே விநாடியில் 1,43,199 பதிவுகள் விழுந்தன. அன்று அது உலக சாதனை. அவர்கள் கூடச் சேர்ந்து சொல்வது பிள்ளைகளின் அந்தச் சொல்லை.

படம் 2 மணி 4 நிமிடம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடுங்கள். இந்திரனின் அம்பு வரும் இடத்தில் நிறுத்தி, பேசுகிறவன் யார் என்று மகனிடம் சொல்லுங்கள். கூடு வரும் இடத்தில் நீங்கள் எதுவும் பேசாமல், அவன் என்ன கேட்கிறான் என்று மட்டும் கவனியுங்கள். முடிந்தால் அதை எனக்கு எழுதுங்கள்.