கொழும்பில் கோச்சி பார்க்க ஒரு நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பதினான்கு வயது. கோச்சி, அதாவது ரயில் என்றால் உயிர். வவுனியா ஸ்டேசனில் நின்று இஞ்சின் நம்பர்களைக் கொப்பியில் எழுதி வைப்பான். வருகிற விடுமுறையில் வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம். ஒரு முழு நாள் கோச்சிகளையும் பழைய ஸ்டேசன்களையும் படம் எடுக்க வேண்டும் என்று நிற்கிறான். எங்களிடம் போன் கமரா மட்டுந்தான். எங்கே நின்றால் நல்லது? இன்னொன்று. "வெள்ளைக்காரன் போட்ட தண்டவாளத்தைப் படம் பிடித்து என்ன காணப் போகிறீர்கள்?" என்று அண்ணர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி, வவுனியா

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணரின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். வெள்ளைக்காரன் போட்டதுதான். மலையிலிருந்து கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காகப் போட்டான். 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீற்றர் முதல் வண்டி ஓடியது. 1867 இல் பாதை கண்டியை எட்டியது. ஆனால் கல் உடைத்தவர்களிலும் மண் சுமந்தவர்களிலும் தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட எங்கள் சனம் எத்தனையோ பேர். அவர்களின் பெயர் எந்த இஞ்சினிலும் எழுதப்படவில்லை. அவர்கள் செய்த வேலை மட்டும் அப்படியே கிடக்கிறது. அதைப் படம் எடுப்பதில் அர்த்தம் இல்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டு அல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. கொடிகாமம் ஸ்டேசனில் அம்மா இரண்டு சூட்கேசுகளுடன் நிற்கிறார். எடுத்தவர் அம்மாவைத்தான் பார்த்தார், ஸ்டேசனைப் பார்க்கவில்லை. அதனால் பெயர்ப்பலகையில் 'காமம்' என்ற கடைசி எழுத்துகளும் ஒரு தூணின் அடியும் மட்டும் விழுந்திருக்கின்றன. 1990 ஜூனில் போரால் வடக்குப் பாதையில் ஓட்டம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழி பங்கர் கட்டப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் வண்டி ஓடியபோது அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிய கொடிகாமம் மேடையில் நின்றேன். அம்மா நின்ற இடம் எதுவென்று பிடிபடவில்லை. அந்தத் தூணை முழுதாக ஒருவர் எடுத்து வைத்திருந்தால் என்று அன்று நினைத்தது இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆகவே மகனிடம் இதைச் சொல்லுங்கள்: இஞ்சினை எடு, கோச்சி போன பிறகும் இரண்டு நிமிடம் அங்கேயே நில். தூண், கூரை, மேம்பாலம், வாங்கு, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் எடு. இஞ்சினைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

தங்கச்சி வீடு வெள்ளவத்தையில் இருப்பது நல்ல வசதி. காலையில் மரைன் டிரைவில் நில்லுங்கள். வெயில் முதுகுப் பக்கமிருந்து விழும். வண்டியின் நிறம் தெளிவாக வரும், பின்னால் கடல். பின்னேரம் அதே இடத்தில் வெயில் எதிரே நிற்கும், அப்போது வண்டி கறுப்பு உருவமாகத்தான் விழும். அதுவும் அழகுதான், ஆனால் நம்பர் தெரியாது. வார நாளில் போங்கள். ஒப்பீஸ் கோச்சிகள் அடுத்தடுத்து வரும், கதவில் தொங்கும் மனிதர்களோடு. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் கால் வைக்கவே கூடாது. கடல் இரைச்சலில் கோச்சி கிட்ட வரும்வரை சத்தம் கேட்காது. பிளாஷையும் நிறுத்தி விடுங்கள், ட்ரைவரின் கண்ணில் அடிக்கும்.

பிறகு கொழும்பின் பெரிய ஸ்டேசனான கோட்டைக்கு டிக்கெட் எடுத்து ஏறுங்கள். வழியில் கொம்பனித்தெருவில் இறங்குவது என் வழக்கம். சின்ன ஸ்டேசன், விக்டோரியா காலத்துக் கட்டடம். சுற்றிலும் வானளாவிய மாடிகள் எழும்பிவிட்டன. மாடியும் பழைய கூரையும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி எடுத்தால் கொழும்பு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பது யாரும் விளக்காமலே தெரியும்.

கோட்டை ஸ்டேசன் 1917 இல் திறக்கப்பட்டது. வெளியே, பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த அமெரிக்கர் ஒல்கொட்டின் சிலை. உள்ளே போனதும் நிலைய அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். தமிழ்ப் பெடியன் கமராவோடு ஸ்டேசனில் நின்றால் அடையாள அட்டை கேட்டு மணித்தியாலக் கணக்கில் நிறுத்தி வைத்த காலம் ஒன்று இருந்தது. நானும் ஒரு ஸ்டேசனில் அப்படி நின்றிருக்கிறேன். பிலிம் சுருளையும் கழற்றிக் கொண்டார்கள். இன்று நிலைமை வேறு. ஆனாலும் கேட்டுவிட்டு எடுத்தால் மனம் பதறாமல் எடுக்கலாம். 1956 இல் யாழ்ப்பாணக் கோச்சியான யாழ்தேவி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் சனம் பலகாரப் பெட்டியும் பனங்கட்டிக் குட்டானுமாக வந்து இறங்கியது இந்த மேடைகளில்தான். நேரம் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது மருதானை, 1908 இல் கட்டியது. அதன் பக்கத்திலேயே கொழும்பின் முதல் ஸ்டேசனான பழைய டேர்மினஸ் கட்டடம், 1865 ஆம் ஆண்டினது. 2009 முதல் 2014 வரை அங்கேதான் ரயில் நூதனசாலை இருந்தது. பிறகு அது கண்டிப் பக்கம் கடுகண்ணாவைக்குப் போய்விட்டது. பலர் இன்னும் மருதானையில் தேடி ஏமாறுகிறார்கள். கட்டடம் ரயில்வே வளவுக்குள் இருப்பதால் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

மகனின் கொப்பிக்கு ஒரு விசயம். 1954 இலிருந்து கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம் 2 வகை டீசல் இஞ்சின்களுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர் வைத்தார்கள். 569 ஒன்டாரியோ, 570 அல்பேர்ட்டா. 591 மனிட்டோபாதான் 2004 டிசம்பர் 26 அன்று தெற்குக் கரையிலுள்ள பெரலியவில் சுனாமி அடித்த வண்டியை இழுத்து வந்தது. அந்த வண்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இஞ்சினைத் திருத்தி, பக்கவாட்டில் அலை வரைந்து மறுபடி ஓட விட்டார்கள். அந்த நம்பர் கண்ணில் பட்டால் படம் எடுக்க முன் ஒரு கணம் சும்மா நிற்கச் சொல்லுங்கள்.

நேரம் மிஞ்சினால் மருதானையிலிருந்து களனிவெளிப் பாதையில் நுகேகொடை வரை போய் வாருங்கள். முதலில் இரண்டரை அடி அகலச் சின்னப் பாதையாகப் போட்டது, 1990களில் அகலமாக்கினார்கள். வளைவுகள் பழைய வளைவுகளே என்பதால் வண்டி மெல்லத்தான் போகும். கொல்ப் மைதானத்துக்கு நடுவே போகும்போது யன்னல் பக்கம் இருந்தால் நல்லது.

கடைசியாக ஒரு வேலை. ஸ்டேசன்களில் பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டு வேலித் தூணாக்கியிருப்பார்கள். குனிந்து அதன் இடுப்பை, தலைக்கும் அடிக்கும் நடுவிலுள்ள மெல்லிய பகுதியைப் பாருங்கள். பல தடவை பெயின்ட் அடித்ததில் பாதி மறைந்திருக்கும், விரலால் தடவினால் புடைப்பெழுத்து தட்டுப்படும். செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் படத்திலும் தெரியும். அன்று இரவே ஒவ்வொரு படத்துக்கும் இடம், திகதி, இஞ்சின் நம்பர் எழுதிவிட வேண்டும், அடுத்த நாளுக்குத் தள்ளினால் மறந்துபோகும். மகன் கண்டுபிடிக்கிற மிகப் பழைய ஆண்டு எது என்று எனக்கு எழுதுங்கள். படத்தையும் சேர்த்து அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்