வெந்நீர் ஊற்றோரக் குட்டைப் பெரணி

கேள்வி: வெந்நீர் ஊற்று ஒன்றின் விளிம்பில் விரல் நீளமே உள்ள பெரணிகளைப் பார்த்தேன். நாலடி தள்ளி அதே சாயலில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன. குட்டையாக இருப்பது தனி வகையா?

பதில்: இருக்கலாம். ஆனால் உயரத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் (ஸ்போர் என்கிற வித்துத்தூள் திரளும் இடம், சோரஸ் என்பது இதுதான்) செடி முதிர்ந்துவிட்டது. ஒன்றுமே இல்லையென்றால் நீங்கள் பார்த்தது வெறும் இளங்கன்றாகக்கூட இருக்கலாம்.

முதிர்ந்ததுதான் என்றால் அடுத்த சந்தேகம் மண் மேல். வேரடியில் சூடு, பல ஊற்றுகளில் கந்தகமும் அமிலமும் வேறு, அங்கே பல செடிகள் குறுகிப்போகலாம். பிறவிக் குட்டையா, இடம் செய்த குட்டையா என்று அறிய நேரான வழி, இரண்டின் ஸ்போரையும் எடுத்து ஒரே மண்ணில், ஒரே வெப்பத்தில் வளர்ப்பது. அரிய செடியைத் தோண்ட வேண்டாம். முதிர்ந்த இலைத்துண்டைக் காகிதத்தில் மடித்து ஓரிரு நாள் வைத்தால் பழுப்புத்தூள் உதிரும், அது போதும். அப்புறம் பொறுமை வேண்டும், ஏனென்றால் முளைத்ததும் வருவது பெரணி அல்ல, நகக்கண் அளவுகூட இல்லாத இதய வடிவப் பச்சைத் தகடு, அதில் கருவுற்ற பிறகுதான் நிஜமான செடி கிளம்பும்.

அப்போதும் குட்டையாகவே நின்றால் விஷயம் சூடு பிடிக்கிறது. குரோமோசோம்களை எண்ண வேண்டும், மரபணுவை ஒப்பிட வேண்டும். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுப் பகுதிகளில் வளரும் ஓஃபியோகுளாசம் அசோரிகம் என்ற பெரணி நல்ல உதாரணம்: பார்த்தால் ஓஃபியோகுளாசம் வல்கேட்டத்தின் குட்டித் தம்பி, எண்ணிப் பார்த்தால் இதற்கு சுமார் 720 குரோமோசோம்கள், அதற்கு சுமார் 480. அதனால் இதைத் தனிச் சிற்றினமாகவே பலர் வைக்கிறார்கள். இன்னொரு பக்கம், நியூசிலாந்தின் வெப்ப மண்ணில் டிக்ரனோப்டெரிஸ் லீனியாரிஸ் வளர்கிறது. வெப்பமண்டல நாடுகளில் அது சர்வ சாதாரணமான பெரணி! ஆகவே அந்த வட்டாரத்துக்குப் புதிது என்றால் உலகத்துக்கே புதிது என்று அர்த்தமில்லை.

சரி, எல்லாம் தேறி அது புதிய சிற்றினம்தான் என்றால்? உலர்த்திய மாதிரி ஒன்றை ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) வைத்து, லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணை வெளியிட வேண்டும் (2012 முதல் ஆங்கிலமும் செல்லும்). மாதிரியின் சீட்டில் வேர்ப்பக்க மண்ணின் வெப்பநிலையையும் எழுதுங்கள், ஊற்றுநீரின் வெப்பத்தை மட்டும் குறித்துவிட்டு வந்துவிடாதீர்கள்.