எந்தச் சூரியகாந்தியை வரையச் சொல்வது?

கேள்வி: டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் சூரியகாந்திப் படத்தைக் கையால் வரைந்த நகலாக வாங்க ஆசை. ஒரு கடை காட்டும் படத்தில் பின்னணி மஞ்சள், இன்னொன்றில் நீலப்பச்சை. எது சரியான படம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டுமே வான்கோ வரைந்தவைதான். 1888 ஆகஸ்டில், தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரில், தன்னோடு தங்க வரவிருந்த ஓவியர் பால் கோகனை மனதில் வைத்து நான்கு சூரியகாந்திப் படங்களைத் தீட்டினார். பூக்கள் சீக்கிரம் வாடிவிடுவதால் விடிந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுவதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். அவற்றில் நீலப்பச்சைப் பின்னணி கொண்டது மியூனிக்கில் இருக்கிறது. மஞ்சள்மேல் மஞ்சளாகத் தீட்டியது லண்டன் நேஷனல் கேலரியில். இன்னொன்று ஜப்பானின் ஆஷியாவில் ஒரு வீட்டில் இருந்து, 1945 ஆகஸ்டில் நடந்த குண்டுவீச்சில் எரிந்து போனது. மற்றது தனியார் கையில்.

கதை அத்துடன் முடியவில்லை. 1889 ஜனவரியில், தோட்டத்தில் ஒரு சூரியகாந்தியும் இல்லாத குளிர்காலத்தில், தன் படங்களையே எதிரில் வைத்துக்கொண்டு அவர் மறுபடி வரைந்தார். மியூனிக் படத்தைப் பார்த்து வரைந்தது இன்று பிலடெல்பியாவில் இருக்கிறது. லண்டன் படத்தைப் பார்த்து வரைந்தது ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில். 1987இல் ஒரு ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனம் ஏறக்குறைய இரண்டரைக் கோடி பவுண்டுக்கு வாங்கி டோக்கியோவுக்குக் கொண்டுபோனதும் லண்டன் படத்தின் மறுவடிவம்தான். ஆகவே ‘நகல்தானே’ என்று வீட்டுக்கு வருகிறவர்கள் உதட்டைப் பிதுக்கினால் பொருட்படுத்தாதீர்கள்.

என்னைக் கேட்டால், மஞ்சள் பின்னணியைத் தேர்ந்தெடுங்கள். ஆர்டரின் பேரில் இந்தப் படத்தை வரைந்து கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீலப்பச்சையில் பூ தானாகவே எடுப்பாகத் தெரிந்துவிடும், சுமாரான கைக்கும் அது வசப்படும். மஞ்சள் சுவர், மஞ்சள் மேசை, மஞ்சள் ஜாடி, மஞ்சள் இதழ் என்று வரும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக்காட்ட வண்ணத்தின் தடிமனும் தூரிகை போன திசையும்தான் துணை. வரைந்தவரின் தகுதி அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: நான் பேசிய ஓவியர், “1888இல் இருந்த நிறமா, இன்றைக்கு இருக்கும் நிறமா?” என்று கேட்டார். விலையை ஏற்றும் தந்திரமா இது?
– வாசகர், திருச்சி

பதில்: தந்திரமில்லை. அவரை விட்டுவிடாதீர்கள்!

வான்கோ பயன்படுத்தியது குரோம் மஞ்சள். ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறமி. வெளிச்சம் படப்பட அதிலுள்ள குரோமியம் வேதிமாற்றம் அடைந்து மஞ்சள் பழுப்படிக்கிறது. வெளிர் மஞ்சளாக்க சல்பேட் கலந்த வகை இன்னும் விரைவாகக் கெடும். ஊடுகதிர் ஆய்வுகளால் 2011 முதல் இது தெளிவாகிவிட்டது. அவர் விரும்பிய ஒருவகைச் சிவப்பும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் ரகம். ஆம்ஸ்டர்டாம் படத்தை இனி வெளியூருக்கு அனுப்புவதில்லை என்று 2019இல் அந்த அருங்காட்சியகம் முடிவெடுத்தது, அதன் நிலைமை அவ்வளவு மென்மையாக இருப்பதால்தான்.

இன்றைய ஓவியர்கள் பெரும்பாலும் காட்மியம் மஞ்சளைப் பயன்படுத்துகிறார்கள். அது வெளிச்சத்தைத் தாங்கும். நானாக இருந்தால் பழைய, அதாவது பழுப்பேறாத நிறத்தைக் கேட்பேன். பழுப்பு காலம் பூசியது, வான்கோ பூசியதில்லை. ஆனால் எலுமிச்சை மஞ்சளை ட்யூபிலிருந்து அப்படியே அப்பிவிட்டு ‘1888’ என்று சொல்கிறவர்களும் உண்டு. முன்கூட்டியே ஒரு சிறு துண்டு கேன்வாஸில் மூன்று நான்கு மஞ்சள்களைத் தீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘நூறு சதவீதம் கையால் வரைந்தது’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? விலையும் மிகக் குறைவு.
– வாசகர், சேலம்

பதில்: பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. சிலர் அச்சின்மேல் நிறமற்ற பசையைத் தடவித் தூரிகைத் தடம்போல் கீறிவிடுவார்கள். மேடு ஒரு பக்கமும் நிறம் மாறும் இடம் இன்னொரு பக்கமுமாக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உண்மையான வேலையில் இதழின் மேடே இதழின் நிறமாக இருக்கும்.

கையால் வரைந்தது என்றாலும் ஒரே கை என்று பொருளில்லை. சீனாவில் ஷென்ஜென் நகரத்தின் டாஃபன் பகுதியில், 1989இல் ஹாங்காங் வணிகர் ஹுவாங் ஜியாங் தொடங்கிவைத்த நகல் தொழில் ஆயிரக்கணக்கான ஓவியர்களுக்குச் சோறு போட்டது. பெரிய ஆர்டர் வந்தால் ஒருவர் பின்னணி, ஒருவர் ஜாடி, ஒருவர் பூ என்று பிரித்துக்கொள்வார்கள். விலை குறைவது அப்படித்தான். வருடக்கணக்காக ஒரே பூவை வரைந்து தேர்ந்த கைகள் அவை. நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒரே ஆள் வரைந்தது வேண்டுமென்றால் அதைக் கேட்டு, அதற்குரிய பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: ஜாடியில் இருக்கும் ‘வின்சென்ட்’ கையெழுத்தையும் போடலாமா? சட்டச் சிக்கல் வருமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வான்கோ 1890இல் இறந்தார். நம் நாட்டில் பதிப்புரிமை, படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான். வரையலாம், விற்கலாம். அசல் என்று சொல்லி விற்றால்தான் குற்றம். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகல் வரைய அனுமதி பெற்றவர்கள் அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ வரைய வேண்டும், கையெழுத்தை வரையக்கூடாது. நல்ல விதி. லண்டன் படம் சுமார் 92க்கு 73 சென்டிமீட்டர். நீங்கள் வேறு அளவு கேளுங்கள். வரைந்தவர் பின்பக்கம் தன் பெயரையும் ஆண்டையும் எழுதித் தரட்டும்.

கேள்வி: படம் வந்துவிட்டது. கண்ணாடி போட்டு மாட்டலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தைல வண்ணம் தடிமனாக இருந்தால் உள்ளே காய மாதங்கள் ஆகும். ஆறு மாதமாவது காற்றாட விடுங்கள். வார்னிஷும் அதற்குப் பிறகுதான். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். கண்ணாடி தேவையே இல்லை. லண்டன் படத்துக்குக் கண்ணாடி உண்டு. 2022 அக்டோபரில் போராட்டக்காரர்கள் தக்காளி சூப்பை வீசியபோது படத்தைக் காப்பாற்றியது அதுதான். உங்கள் வீட்டில் கோபம் வந்தால் சாம்பாரை வீசுகிறவர்கள் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.