கயிறும் பந்தியும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன் கையில் சாதிக் கயிறு கட்டி வருகிறான். நல்ல பையன், படிக்கிற பையன். கழற்றச் சொன்னால் உடனே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் மறுபடி கட்டிக்கொள்வான். ஏண்டா என்றால், "எங்க தெருவுல எல்லாப் பயலும் கட்டிருக்கான் டீச்சர். நான் மட்டும் கட்டலைன்னா என்ன சொல்லுவானுவ?" என்கிறான். ஸ்டாஃப் ரூமில் சொன்னால், "சமூகமே அப்படி இருக்கு, அவன் என்ன செய்வான்" என்கிறார்கள். வீட்டில் என் கணவரோ, "ஒவ்வொருத்தனும் தான் திருந்தினால் சமூகம் தானாகத் திருந்திரும்" என்கிறார். இரண்டுமே தப்பித்துக்கொள்கிற பேச்சாக எனக்குப் படுகிறது. மனிதன் சமூகத்தை ஆக்குகிறானா, சமூகம் மனிதனை ஆக்குகிறதா? பையனுடைய அப்பாவைக் கூப்பிட்டுப் பேசலாமா என்றும் யோசிக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆசிரியை


அன்புள்ள டீச்சர்,

இரண்டும் தப்பித்தல்தான். ஸ்டாஃப் ரூம் பேச்சில் யாருக்கும் பொறுப்பில்லை. உங்கள் வீட்டுக்காரர் பேச்சில் மொத்தப் பொறுப்பும் ஒன்பதாம் வகுப்புப் பையன் தலையில் வந்து விழுகிறது. (இந்த வரியை அவரிடம் காட்ட வேண்டாம்.)

அந்தப் பையனே பாதி பதில் சொல்லிவிட்டான். எனக்குக் கயிறு பிடிக்கும் என்று அவன் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? "என்ன சொல்லுவானுவ" என்கிறான். அதே தெருவில் இன்னும் நாலு பையன்களைத் தனித்தனியாகக் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். ஒருவன் கையை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். சமூகம் என்று நாம் பயந்து பேசுவதில் பெரும்பங்கு இந்தப் பார்வைதான்.

சேர்மாதேவி உங்களுக்குப் பக்கம். குருகுல விவகாரம் பாடத்தில் நாலு வரியாக வந்துபோயிருக்கும். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வ.வே.சு. ஐயர் சாதாரண ஆள் இல்லை. லண்டனுக்கு பாரிஸ்டர் படிக்கப் போய், புரட்சிக்காரர்களோடு சேர்ந்து, 1910ல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். அவர் 1922ல் கல்லிடைக்குறிச்சியில் குருகுலம் தொடங்கி, பிறகு சேர்மாதேவிக்குக் கொண்டுபோனார். தேசத்துக்குப் புது மனிதர்களை உருவாக்குகிற பள்ளிக்கூடம் என்பது கனவு. தமிழ்நாடு காங்கிரஸும் பணம் கொடுத்தது. அங்கே போய், இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு! பெற்றோர் கேட்டார்கள், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்தவரால் இரண்டு வீட்டுப் பெற்றோரிடம் முடியாது என்று சொல்ல முடியவில்லை. இதை வைத்து அவரைக் கோழை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்க்காரை எதிர்த்தபோது அவரைச் சுற்றித் தோழர்கள் இருந்தார்கள், சாவுக்குப் பயப்படாத ஒரு கூட்டமே இருந்தது. பந்தி விஷயத்தில் எதிரே நின்றவர்கள் அவருடைய சொந்த மனிதர்கள், பக்கத்தில் யாரும் இல்லை. தைரியம் ஆளுக்குள் மட்டும் இருப்பதில்லை, கூட நிற்பவர்களிடமும் கொஞ்சம் இருக்கிறது. தொடங்கிய அன்றே 'இங்கே எல்லோருக்கும் ஒரே பந்தி' என்று எழுதிப் போட்டிருந்தால், "பள்ளிக்கூட விதி அப்படி, நான் என்ன செய்யட்டும்" என்று அவரும் கையை விரித்திருக்கலாம். அந்த வசதியை அவர் தனக்கே செய்துகொள்ளவில்லை.

விஷயம் வெளியே வந்ததும், அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. காந்தி வரை போனது. அது சூடாக இருந்தபோதே, 1925 ஜூனில், பாபநாசம் மலையில் கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டார். காரணம் குருகுலம் மட்டுமல்ல, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவமும்தான், அதாவது ஒவ்வொரு சமூகத்துக்கும் பதவியில் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை. ஆனாலும் சேர்மாதேவியில் இரண்டு இலை தள்ளிப் போட்டதற்கும் அடுத்த நூறு வருஷத் தமிழ்நாட்டு அரசியலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானம் வந்தது. இன்று உங்கள் வருகைப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் பெயருக்குப் பின்னால் சாதி இருக்கிறது? தேடித்தான் பார்க்க வேண்டும். (கல்யாணப் பத்திரிகையைப் பற்றி நான் பேசவில்லை.) இத்தனை பேரும் மனம் திருந்தியா விட்டார்கள்? முதலில் விட்டவர்கள் கொள்கைக்காக விட்டார்கள், கேலியையும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் வந்தவர்கள், தான் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் கூச்சமாக இருக்கும் என்று விட்டார்கள். உங்கள் பையனைக் கயிறு கட்ட வைக்கிற அதே பயம்தான், திசை மட்டும் வேறு. தனித்து நிற்கிற கஷ்டம் யாருக்கு என்பது மாறியதும் ஊரே மாறிவிட்டது. ஆனால் சாதி போகவில்லை. பெயரிலிருந்து இறங்கி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

தெருவே ஒத்துவராது என்று புறப்பட்டுப் போனவர்களும் நம் சீமையில் உண்டு. சாத்தான்குளம் பக்கம் முதலூர் அப்படித்தான் 1799ல் உண்டானது. கிறிஸ்தவம் தழுவியதால் ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக டேவிட் சுந்தரானந்தம் உண்டாக்கிய ஊர் அது. (இப்போது ஆட்கள் அங்கே போவது மஸ்கோத் அல்வாவுக்கு.) எல்லோராலும் புது ஊர் கட்ட முடியாது. உங்களால் ஒரு வகுப்பறைக்குள்தான் செய்ய முடியும்.

சோற்றுப் பந்திக்கே திரும்ப வருகிறேன். காமராஜர் 1956ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது எட்டயபுரத்தில். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம், சாதியை ஒழிப்பது இல்லை. ஆனால் சேர்மாதேவி தகராறு நடந்து முப்பது வருஷத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். வீட்டில் என்ன சொல்லி அனுப்பினாலும், தட்டோடு உட்கார்ந்த இடத்தில் பக்கத்தில் இருந்தவன் வேறு தெருக்காரன். அதே எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில், 2023 செப்டம்பரில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தூத்துக்குடி எம்.பி. கனிமொழி போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஆக, ஒரு தடவை ஏற்பாடு செய்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு ஆள் வேண்டும், திரும்பத் திரும்ப.

கயிறைப் பற்றி 2019லேயே பள்ளிக் கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பேச்சு அமுங்கிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் சாதி அடையாளமாகப் பள்ளிக்குள் வரக்கூடாது என்று 2024 ஜூனில் அந்தக் குழு பரிந்துரைத்தது. விதி போட்டால் மனசு மாறுமா என்று கேட்கிறார்கள். மாறாதுதான். ஆனால் கட்ட விருப்பமில்லாத பையனுக்குத் தெருவில் சொல்ல ஒரு சாக்கு கிடைக்கும்: "ஸ்கூல்ல விட மாட்டாங்கல." பதினான்கு வயதில் அந்தச் சாக்கு பெரிய விஷயம். ஐயருக்கே அது இல்லாமல் போயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் அப்பாவைத் தனியாகக் கூப்பிட வேண்டாம். அவரும் அதே தெருவில்தான் இருக்கிறார், அவருக்கும் நாலு பேரைப் பார்த்துப் பயம் இருக்கும். உங்கள் முன்னால் தலையாட்டிவிட்டு வீட்டில் பையனை நாலு சாத்து சாத்துவார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், எல்லாத் தெரு ஆட்களும் இருக்கும்போது, கயிறு யாருக்குமே வேண்டாம் என்று ஒரே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தலைமையாசிரியர் தயங்குவார், அதற்கும் தயாராக இருங்கள். உங்கள் பையனையும் வகுப்பு முன்னால் நிற்க வைத்துக் கழற்றச் சொல்லாதீர்கள். மற்ற பையன்கள் யாரைப் பார்த்து நடக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் கபடியில் நன்றாக ரெய்டு போகிற ஒருவனாக இருப்பான். முதல் பேச்சை அவனிடம் தொடங்குங்கள், அவன் எந்தத் தெருவாக இருந்தாலும் சரி.

கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி